வெள்ளைப் புள்ளிக்கு இரண்டு விளக்கங்கள்

தியாகலிங்கம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் ஒரு பெரிய குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். மனைவி கமலாதேவி காலமாகிவிட்டார். மகள் பவதாரணி கனடாவில். கிழமையில் ஆறு நாள் அவருக்குத் தன் குரல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவைப்படும். அன்று தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு அல்லைப்பிட்டியிலிருந்து நண்பர் லியோன் மோட்டார் சைக்கிளில் வருவார். இருவரும் ஒரு விண்வெளிப் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். முப்பது வருடமாக அதே காட்சி, அதே சண்டை.

படத்தை அவர்கள் பார்த்தது ஒரேயொரு தடவை, போரில் தீவை விட்டு இடம்பெயர்ந்து மானிப்பாயில் இருந்தபோது. மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெயைப் போத்தலில் அளந்து விற்ற காலம். யன்னலுக்குச் சாக்குக் கட்டி, வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சியில், ஜெனரேட்டரை மண்ணெண்ணெயில் வளவின் மூலையில் ஓடவிட்டுப் பகலிலேயே போட்டார்கள். ஆங்கிலப் படம். தியாகலிங்கம் முன்னால் இருந்து சத்தமாக மொழிபெயர்த்தார். தனக்கு விளங்காத இடங்களில் இன்னும் சத்தமாக.

பழுதாகி நின்ற விண்கப்பலில் ஒருவன் தனியே இருக்கிறான். சுற்றிவர வெறும் வெளி. ஒருநாள் வெளியிலிருந்து கதவை யாரோ தட்டுகிறார்கள். அவன் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அத்துடன் காட்சி சுருங்கி, திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்துபோனது.

தட்டியவர்கள் ஊரிலிருந்து தேடி வந்தவர்கள், அந்தப் புள்ளி தூரத்தில் தெரிகிற பூமி என்பது தியாகலிங்கத்தின் கட்சி. தட்டியது ஒருவருமில்லை, தனிமையில் அவனுக்குக் கேட்ட சத்தம்தான், புள்ளி அவனுடைய உயிர் என்பது லியோனின் கட்சி.

போன வியாழக்கிழமை பவதாரணி அந்தப் படத்தை எங்கேயோ தேடிப் பிடித்துக் கைபேசிக்கு அனுப்பியிருந்தாள். தியாகலிங்கம் குசினிக் கதிரையில் இருந்து பார்த்தார். அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான். புள்ளி வரவில்லை. கதவு திறந்தது. தேடி வந்தவர்கள் உள்ளே வந்து, பகிடி விட்டு, கோப்பி ஊற்றிக் கொடுத்து, அவனை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். இன்னும் கால் மணித்தியாலம் ஓடிய படத்தில் சண்டை பிடிக்க ஓர் இடமும் இல்லை.

அன்று முடிந்தது படமல்ல, மண்ணெண்ணெய். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று, படம் முடிந்த அடுத்த கணமே ஜெனரேட்டரை நிறுத்துவது அப்போதைய வழக்கம். ஆகவே ஜெனரேட்டர் நின்றதும் படம் முடிந்ததென்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். புள்ளி, மின்சாரம் போனால் அந்தக்காலத் தொலைக்காட்சி எல்லாம் காட்டுகிற புள்ளி.

தான் வென்றுவிட்டதில் தியாகலிங்கம் சனிக்கிழமை வரை சந்தோசமாக இருந்தார். சனி பின்னேரம்தான், தோற்ற பிறகு லியோன் எதற்கு வரவேண்டும் என்று யோசித்தார். சொல்லாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. பாதியைச் சொல்வதென்று முடிவெடுத்தார். ஞாயிறு லியோன் வந்து இருந்ததும் தொடங்கினார்.

"லியோன், அண்டைக்கு மண்ணெண்ணெய் முடிஞ்சுதான் படம் நிண்டது போல கிடக்கு."

லியோன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "ஓம். ஊத்தினவன் நான். குறைச்சு ஊத்தினது எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் ஐசே இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். நீர் எழும்பி நிண்டு அந்தப் புள்ளிக்கு விளக்கம் குடுத்துக்கொண்டு நிண்டீர். சனம் வாயைத் திறந்து கேட்டுது. விட்டிட்டன்." கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "மிச்சத்தைப் பாத்தனீரோ?"

தியாகலிங்கம் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "இல்லை."

"பாக்காதையும். பிள்ளையள் எல்லாம் பிரான்சிலை. ஞாயிற்றுக்கிழமையில நான் வேறை எங்கை போறது?"

பிறகு லியோன் வழக்கம்போலத் தொடங்கினார். காற்றில்லாத வெளியில் தட்டுகிற சத்தம் எப்படிக் கேட்கும் என்று கேட்டார். தியாகலிங்கத்திடம் அதற்கு மூன்று பழைய மறுமொழிகள் இருந்தன. மூன்றையும் சொல்லிப் பார்த்தார், ஒன்றிலும் பழைய சூடு இல்லை. தன் பக்கம் சரியென்று தெரிந்துகொண்டு வாதாடி அவருக்குப் பழக்கமில்லை. மத்தியானத்துக்கு முன்னமே தோற்றுப்போனார்.

லியோன் உற்சாகமாக மோட்டார் சைக்கிளை உதைத்தார். "நீர் இண்டைக்குச் சரியில்லை. வாற கிழமைக்கு வடிவாய் யோசிச்சு வையும்."

தியாகலிங்கம் கேற்றைச் சாத்தினார். தெரிந்த ஒன்றைத் தெரியாதவரைப்போல யோசிக்க அவருக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.