ஆறு மீட்டரில் வெரோனிகா

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் வெரோனிகாவுக்கு நாற்பத்தொரு வயது. சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். முப்பது தாண்டித்தான் நீச்சல் கற்றாள். மூச்சுக் கருவி மாட்டி அவளைக் கடலுக்குள் இறக்கிவிட்டவர் தர்மா. ஈப்போவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், அவளைவிட மூத்தவர். தண்ணீருக்குள்ளும் வெளியிலும் அவர் பின்னால் போயே அவளுக்குப் பழக்கம்.

நான் பக்கத்து வீட்டுக்காரன், மதுரையிலிருந்து கடல் தாண்டி வேலைக்கு வந்தவன். நீந்தத் தெரியாது. அவர்கள் முக்குளிக்கப் பயிற்சி செய்யும், ஈயம் தோண்டி நீர் நிரம்பிய பழைய குட்டையின் கரையில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"குமிழி நின்னுட்டா நான் என்ன பண்றது?" என்று வெரோனிகாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"கவலப்படுங்க லா. உங்களுக்குத்தான் நல்லா வருமே."

சுற்றுலாக்காரர்களின் முக்குளிப்பில் மேலே வழி எப்போதும் திறந்திருக்கும். மூச்சுக் கருவியில் கோளாறா, பயமா, நிதானமாக மேலே வந்துவிடலாம். அவள் இப்போது ஆசைப்பட்டது தொழில்நுட்ப முக்குளிப்புக்கு. ஆழமான கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல் ஒன்றையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பல வருடக் கனவு. அங்கே நேரம் கூடக் கூட உடம்பில் நைட்ரஜன் சேர்ந்துவிடும். அது வெளியேறும்வரை வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். அவசரப்பட்டு நேரே வந்தால் கைகால் விழுந்துவிடலாம், உயிரும் போகலாம். அதனால் ஆழத்துக்குப் போகுமுன் ஆறு மீட்டரில் நின்று ஒருவர் கருவியை இன்னொருவர் பார்ப்பார்கள். யார் கட்டைவிரலை உயர்த்தினாலும் எல்லோரும் மேலே திரும்பிவிட வேண்டும்.

அதற்கான பயிற்சியில் இருவரும் சேர்ந்தார்கள். முதல் தேர்வில் தர்மாவின் சிலிண்டர் வாயிலிருந்து குமிழிகள் கசிந்தன. வெரோனிகா சுட்டிக்காட்டினாள். அவர் ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு இறங்கினார். அவளும் இறங்கினாள். பயிற்சியாளன் கிளென் இருவரையும் மேலே கொண்டுவந்துவிட்டான்.

"குமிழியப் பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் இறங்குனீங்க?"

"அண்ணே ஒன்னுமில்லன்னு கை காட்டுனாரு."

"அண்ணே சொன்னா குமிழி நின்னுருமா?"

"சின்னக் கசிவு லா தம்பி," என்றார் தர்மா. "பட்டறையில தெனமும் பார்க்கிறதுதான்."

இருவரும் தேறவில்லை. இன்னும் ஒரு வாய்ப்புதான் என்றான் கிளென். அந்த வாரம் முழுக்க வெரோனிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. "கசிவு திரும்ப வந்தா அவரு மூஞ்சிக்கு நேரா கட்டவெரல நீட்டணும். இதுவரைக்கும் நீட்டுனதே இல்ல," என்றாள் என்னிடம்.

தர்மா கசிவைத் தானே சரிசெய்து எடுத்துவந்தார். இரண்டாம் தேர்வன்று மூவரும் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மூன்று தலைகளும் மேலே வந்தன. நான் எழுந்து தண்ணீரின் விளிம்புக்கு ஓடினேன். நடந்ததைப் பிறகு வெரோனிகாதான் சொன்னாள். அதே இடத்தில் குமிழி. அவள் விரலை உயர்த்தினாள். தர்மா கையசைத்தார். அவள் விரலை இறக்கவில்லை.

சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். தே தாரேக் வந்தது, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்.

"அக்கா செஞ்சது சரி. இது தோத்ததுல சேராது. அடுத்த வாரம் மிச்சத்த முடிச்சிரலாம்," என்றான் கிளென்.

தர்மா கோப்பையை ஊதினார். "என் வீட்டுக்காரி மேசையில உட்கார்ந்து சொன்னாலே நான் கேக்க மாட்டேன். தண்ணிக்குள்ள இவ வெரலுக்கு நான் திரும்பணுமாம். இன்னிக்குத் திரும்பிட்டேன். தெனமும் திரும்புவேனான்னு எனக்கே தெரியல. எனக்கு இந்த ஆழமெல்லாம் வேணாம் லா."

"அப்ப நான் யாரோட போறது?"

"இவரு மாதிரி பயந்த ஆளாப் பாரு," என்று என்னைக் காட்டினார். வெரோனிகா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு சேர்ந்து அவள் பயிற்சியை முடித்தாள்.

பள்ளி விடுமுறையில் தர்மாவின் குடும்பத்தோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனோம். பவளப் பாறைகளுக்கு மேல், வெயில் எட்டும், மேலே வழி திறந்திருக்கும் ஆழத்தில், தர்மா முன்னால் போனார். வெரோனிகா பின்னால் போனாள். படகில் ஏறியதும் அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"பெரிய ஆளாயிட்ட. இன்னும் என் பின்னாலயே வர்ற?"

"இங்க வரலாம்ணே," என்றாள் வெரோனிகா.