ஷிப்ட் மாறட்டும் என்று காத்திருந்தோம்: பேரப்பிள்ளைகளோடு பிச்சாவரம்

எனக்கு வயது அறுபத்தொன்பது. எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தக் கட்டுரையைக் கைப்பேசியில் ஒரே விரலால் தட்டி முடிக்க ஆறு நாள் ஆனது. நெய்வேலிப் பக்கத்திலிருந்து சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிச்சாவரம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நாங்கள் போனது தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் என்றால் நான், பேத்தி யாழினி, பேரன் கவின். யாழினிக்குப் பத்து வயது. கவினுக்கு ஆறு.

இந்தப் பயணம் எனக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் யாழினியைப் பண்ருட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி விருத்தாசலத்தில் கொண்டுபோய் இறக்கினேன். அப்போதெல்லாம் நான் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவேன், சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். அன்று கேட்க வெட்கப்பட்டேன். இருட்டிய பிறகு வீடு வந்து, பஸ் பழுதாகிவிட்டது என்று மகள் மலர்க்கொடியிடம் பொய் சொன்னேன். மறுநாள் காலையிலேயே யாழினி உண்மையைச் சொல்லிவிட்டாள். வழி தவறியதற்கு மலர் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அதன் பிறகு கடைத்தெருவுக்குக்கூடப் பிள்ளைகளை என்னோடு தனியாக அனுப்பியதில்லை.

எங்கள் குடியிருப்பு பிளாக்கில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். படிக்கத் தெரிந்ததும், பிள்ளைகளைப் பிச்சாவரம் அழைத்துப் போகட்டுமா என்று மலரிடம் கேட்டேன். மூன்று மாதம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை.

“ஆறு மணிக்குள்ள புள்ளைங்க வூட்ல இருக்கணும்பா. ஒரு நிமிசம் தாண்டினாலும் இதான் கடைசி.”

ஒத்துக்கொண்டேன். ஆறு மணி என்ன, நாலரைக்கே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

காலை 8.05க்கு நெய்வேலி பேருந்து நிலையத்தில் சிதம்பரம் பஸ் ஏறினோம். எனக்கு 45 ரூபாய், பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயர்களை ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் ஏறினேன். கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று அவசரப்படுத்தியும் நான் விடவில்லை. வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, அப்புறம் சிதம்பரம். சுமார் 45 கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் இரண்டு பக்கமும் கதிர் முற்றிய நெல். அறுவடை இயந்திரங்கள் வரிசையாக நின்றன. வழியில் இருந்த கடைப் பலகைகளை எல்லாம் நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். உரக்கடை, பல் மருத்துவமனை, வெல்டிங் பட்டறை. யாழினி மெல்ல என் கையைக் கிள்ளி, “தாத்தா, மனசுக்குள்ள படி” என்றாள். புவனகிரி வரைக்கும் மனதுக்குள் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

சிதம்பரத்தில் இறங்கும்போது மணி 9.45. நிலையத்திலேயே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டோம். 10.30க்குக் கிள்ளை வழியாகப் போகும் பிச்சாவரம் பஸ் வந்தது. தூரம் 15 கிலோமீட்டர்தான், ஆனால் முக்கால் மணி நேரம் ஆகும். கிள்ளைக்குப் பிறகு காற்றில் உப்பு வாசம் வரும். எனக்குக் கடல் பழக்கமில்லை. வாழ்நாள் முழுவதும் சுரங்க மண்ணின் வாசம்தான். கவின் மூக்கை உறிஞ்சி, “கருவாட்டுக் கடை எங்க தாத்தா?” என்று கேட்டான்.

படகுத் துறைக்கு 11.20க்குப் போய்ச் சேர்ந்தோம். துடுப்புப் படகுக்கு 550 ரூபாய் வாங்கினார்கள். நாலு பேர் வரை போகலாம், ஒரு மணி நேரம். மோட்டார் படகும் உண்டு. ஆனால் காட்டுக்குள் இருக்கும் குறுகலான கால்வாய்களுக்குத் துடுப்புப் படகுதான் போகும். பணம் கட்டியதும் வரிசை எண் எழுதிய சீட்டு கொடுப்பார்கள். எங்கள் எண் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் பார்வைக் கோபுரத்தில் ஏறினோம். மேலே இருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை, நடுவில் தண்ணீர்க் கோடுகள், தூரத்தில் கடல். கீழே வந்ததும் ஒரு அறிவிப்புப் பலகை. குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒரு குரங்கு என் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் கொடுக்கவில்லை, அதுவாக எடுத்தது என்று யாழினி காவலாளியிடம் எனக்காக வாதாடினாள்.

12.15க்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன்.

படகுக்காரர் ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். அப்போதுதான் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. காலையிலிருந்து ஓட்டுகிறார் என்று தெரிந்தது. நான் முப்பத்திரண்டு வருடம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்தவன். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் விழும் மண்ணை வாரிப் போடும் வேலை. அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடியும் நேரத்தில் களைத்துப்போன ஆள் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டோம். இரண்டு மணி சங்கு ஊதட்டும், புது ஆள் வரட்டும் என்று ஓரமாக நின்றுவிடுவோம். கையில் இரண்டு பிள்ளைகள் வேறு. அதனால் சீட்டுக் கொடுப்பவரிடம், “ஷிப்ட் மாறினதும் போறோம், அடுத்தவங்கள விடுங்க” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி உங்கள் இஷ்டம் என்று அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

புளிச்சோறு சாப்பிட்டோம். கவின் ஒரு தூக்கம் போட்டான். இரண்டு மணி ஆனது. சங்கும் ஊதவில்லை, புது ஆளும் வரவில்லை. 2.10க்கு எங்களைக் கூப்பிட்டார்கள். படகில் துடுப்போடு உட்கார்ந்திருந்தவர் அதே ஏழுமலை. முன்பைவிட இன்னும் இரண்டு நடை அதிகம் ஓட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இங்க ஷிப்ட்டெல்லாம் ஏதுங்க பெரியவரே. காத்தால வந்தா பொழுது சாயற வரைக்கும் நாந்தான். தண்ணி வேற வத்திக்கினு போவுது. அப்பவே வந்திருந்தா உள்ள நல்லா சுத்திக் காட்டியிருப்பேன்.”

பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். முதலில் அகலமான உப்பங்கழி. பிறகு படகு சட்டென்று ஒரு பச்சைச் சந்துக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் மேலே கை கோர்த்துக்கொண்டு நின்றன. அவற்றின் வேர்கள் கிளையிலிருந்து இறங்கிச் சேற்றில் கால் ஊன்றி நிற்கின்றன. சுரங்கத்தில் மண் சரியாமல் இருக்க நாங்கள் என்ன பாடுபடுவோம். இங்கே மரம் தானாகவே முட்டுக் கொடுத்து நிற்கிறது. தில்லை மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், கையை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஏழுமலை. வேரில் சிவப்புக் கால் நண்டுகள் ஓடின. ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் மரத்துக்கு மரம் பறந்து வழி காட்டியது. கவின் வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

2.50க்குப் படகின் அடி மெத்தென்று எதிலோ உட்கார்ந்தது. ஏழுமலை துடுப்பை ஊன்றித் தள்ளினார். அசையவில்லை. தண்ணீர் இறங்கி, சேறு மேலே வந்துவிட்டது. ஆபத்து ஒன்றும் இல்லை. முழங்கால் ஆழம்தான். நான் இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டேன். பயணிகளை இறக்கினால் தன் வேலை போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய கைப்பேசியில் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. என்னுடையதிலும் அப்படித்தான். நான் மனதுக்குள் மணிக்கணக்கை ஓட்டிப் பார்த்தேன். ஆறு மணிக்கு வீடு போக வழியே இல்லை.

பிள்ளைகளுக்கு அந்தக் கவலை கிடையாது. படகு நின்றதுதான் அவர்களுக்குத் திருவிழா. சேற்றில் விரல் நீளத்துக்கு மீன்கள் தங்கள் உடம்பிலுள்ள துடுப்புகளையே கால்போல ஊன்றி நடந்தன, துள்ளின, ஒன்றையொன்று மிரட்டின. தண்ணீருக்கு வெளியே மீன் நடப்பதைக் கண்ட கவின், அதற்கு யார் நடக்கக் கற்றுக் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பேசத்தான் முடியவில்லை, குறுஞ்செய்தி போகும் என்றாள் யாழினி. தானே தட்டித் தருவதாகவும் சொன்னாள். நானே எழுதுகிறேன் என்றேன். அவள் என் காதருகே வந்தாள்.

“தாத்தா, பஸ் கிடைக்கலன்னு போட்டுடு. அம்மா நம்பிடும்.”

எனக்கு ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் எழுதுவது சுலபம், அதில் எழுத்துகளும் குறைவு. ஆனால் நான் மகளுக்கு எழுதும் முதல் கடிதம் அது. இப்படி எழுதினேன்: “மலர், படகு சேற்றில் நிற்கிறது. பிள்ளைகள் நலம். பயம் இல்லை. மதியமே போயிருக்க வேண்டும். ஷிப்ட் மாறட்டும் என்று நான்தான் காத்திருந்தேன். ஆறு மணிக்கு வர முடியாது. தவறு என்னுடையது.” இதை எழுத இருபது நிமிடம் ஆனது. அனுப்பியதும் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரியவில்லை. யாழினி பார்த்துச் சொன்னாள், போய்விட்டது. பதில் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கால்வாய் வளைவில் மூன்று பெண்கள் வந்தார்கள். தண்ணீரில் இடுப்பு நனைய உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, பிடிக்கும் இறாலை அதில் போடுகிறார்கள். முன்னால் வந்த அம்மாவின் பெயர் அஞ்சலை. எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்து பறியை எடுத்தார்.

“ஏன்டா ஏழுமல, இந்நேரத்துக்கா உள்ள இட்டாருவ? புதுசா துடுப்பு புடிக்கிறவன் கணக்கா?”

“என்னிய ஏன் திட்டற? பெரியவர கேளு. நெய்வேலிக்காரரு. ஷிப்ட் மாறட்டும்னு ஒக்காந்துக்கினாரு.”

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏங்க, ஷிப்ட் மாறினது நாம இல்லங்க. தண்ணிதான் அது பாட்டுக்கு டூட்டி முடிச்சிக்கினு கெளம்பிடுச்சி.”

எல்லோரும் சிரித்தார்கள். யாழினிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. நானும் சிரித்தேன். மூன்று பெண்களும் பின்னாலிருந்து தள்ள, ஏழுமலை இறங்கி முன்னால் இழுக்க, ஆழமான இடத்துக்கு வர இன்னும் அரை மணி நேரம் பிடித்தது. தள்ளி முடித்ததும் அஞ்சலை உயிருள்ள ஒரு இறாலைக் கவினின் உள்ளங்கையில் வைத்தார். அது துள்ளித் தண்ணீரில் விழுந்தது. அவன் அழப்போகிறான் என்று நினைத்தேன். “அதுவும் வீட்டுக்குப் போகுது” என்று டாட்டா காட்டினான். கூலியாக ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மூவரும் மறுத்துவிட்டார்கள். அடுத்த முறை வந்தால் காலையில் வாருங்கள், அது போதும் என்றார் அஞ்சலை.

4.20க்குக் கரை ஏறினோம். 4.40க்குப் பஸ். சிதம்பரத்தில் நெய்வேலி பஸ் 5.45க்குக் கிளம்பியது. இரண்டு பிள்ளைகளும் என் இரண்டு தோளிலும் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன், போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விடுங்கள். சனி ஞாயிறுகளில் கூட்டம் அதிகம். படகில் ஏறும் முன் தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று படகுக்காரரிடமே கேளுங்கள், நம் ஊர்க் கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம். கூப்பிட்டவுடன் ஏறிவிடுங்கள். தொப்பி, குடிநீர் அவசியம். தின்பண்டங்களைக் குரங்குக்குத் தெரியாமல் வையுங்கள். எங்கள் மூவருக்கும் பஸ், படகு, டீ, பிஸ்கட் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கட்டணங்கள் மாறும், பலகையைப் படித்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பிளாக்குக்குள் நுழையும்போது மணி 7.40. மலர் வாசலில் நின்றிருந்தாள். அவள் முதலில் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கவின் நடக்கும் மீனைப் பற்றி ஆரம்பித்து இறால் வரை மூச்சு விடாமல் சொன்னான். யாழினி என்னைப் பார்த்தாள். நான் எதையும் விளக்கவில்லை. எழுதியாகிவிட்டதே.

உள்ளே போய்த் தட்டு வைத்தாள். மூவரும் சாப்பிட்டோம். அவள் எதிரிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதான் கடைசி என்று சொல்லத்தான் நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளைகள் படுத்த பிறகு தன் கைப்பேசியை என் முன் வைத்தாள். என் செய்தி அப்படியே திறந்திருந்தது.

“எல்லா வரியையும் நீங்களே எழுதுனீங்களாப்பா?”

ஆமாம் என்றேன். மறுபடியும் ஒரு முறை அதைப் படித்தாள். பிறகு தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

“அடுத்த தடவ எட்டு மணின்னே வெச்சிக்கலாம்.”

 முதலில் ஆறு மணி என்று கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு பயமில்லை. இப்போது அவள் என்னை நம்பிவிட்டாளே. எட்டு மணி என்று கேட்ட பிறகுதான், சோற்றுக் கையைக் கழுவவே மறந்துபோயிருந்ததைக் கவனித்தேன்.