நாலாம் நம்பர் பிரஸ்ஸும் என் பயப் பட்டியலும்

1. முதல் நாள் சொற்பொழிவு

கவுன்சலிங் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, நோயாளியிடம் முதல் நாள் என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான். சி.பி.டி. என்கிற பேச்சு வைத்தியம் என்றால் என்ன, எத்தனை வாரம், என்ன எதிர்பார்க்கலாம்? அந்தச் சொற்பொழிவு எனக்குத் தலைகீழ்ப் பாடம். எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டிஸ்பென்சரியில் சோஷியல் ஒர்க்கராகச் சேர்ந்தபோது ஒப்பிக்கத் தொடங்கியது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அப்போது இதற்கு இந்த மூன்றெழுத்துப் பெயர் எங்களிடம் புழங்கவில்லை. எங்கள் டாக்டர் பிஹேவியர் தெரபி என்பார். எண்ணங்களை எழுதவைக்கும் முறையை வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்து அதையும் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம்.

சொற்பொழிவு இதுதான். வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், பன்னிரண்டு வாரம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, ஷாக் கிடையாது. உங்கள் சின்ன வயதுக் கதையைத் தோண்டமாட்டோம். இப்போது எது பயமாக இருக்கிறது, அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடுகிறது, அதைப் பேசுவோம். ஒரு நோட்டு தருவோம், வீட்டில் எழுதி வர வேண்டும். பயப்படுகிற காரியத்தைப் படிப்படியாகச் செய்யவைப்போம். முதலில் பயம் ஏறும், பிறகு தானாக இறங்கும். உங்களை அவசரப்படுத்தமாட்டோம்.

கடைசி வரிக்குக் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். இருபத்தைந்து வயது, அவ்வளவு கர்வம்.

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இன்றைக்கும் இந்த வைத்தியத்தால் தேறியவர்களை நான் பார்க்கிறேன். அதனால்தான் முனுசாமியின் கதையைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2. ஃபோர்மேன் அனுப்பிய மெமோ

முனுசாமி பூந்தமல்லி பக்கத்துப் பாரிவாக்கத்துக்காரர். அப்பா கூலிக்கு நடவு நட்டவர். அந்தக் குடும்பத்தில் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் இவர்தான். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டைக் கையால் டை என்கிற அச்சில் வைத்து, காலால் பெடலை மிதித்தால், ரேம் என்கிற கனத்த இரும்புத் தலை ஒருமுறை இறங்கி அடித்துவிட்டு மேலே போய் நிற்கும். அடுத்த தகடு. நாள் முழுக்க இதே வேலை.

பக்கத்தில் வேலை பார்த்த ஏகாம்பரம் என்பவருக்கு நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இரண்டு விரல் போயிற்று. கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். மறுவாரம் அதே பிரஸ்ஸில் முனுசாமியைப் போட்டார்கள். பத்தே நாள். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தகட்டை வைத்துவிட்டுப் பெடலை மிதிக்காமல் ரேமையே பார்த்துக்கொண்டு நிற்பார். புரொடக்‌ஷன் படுத்தது. நரம்புக் கோளாறு, மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று ஃபோர்மேன் மெமோ எழுதி என்னிடம் அனுப்பினார்.

நான் சொற்பொழிவை ஆற்றினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"அந்த நாலாம் நம்பர்லதாம்மா கோளாறு கீது. எனுக்கு ஒண்ணும் இல்ல. பெடல்ல காலே வெக்கல, அது ரெண்டாந்தபா எறங்கி அடிக்குது."

பயந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். நாய்க்குப் பயப்படுகிறவன் நாயைத்தான் குறை சொல்வான். தலையை ஆட்டிவிட்டு, தன் கோளாறை மெஷின் மேல் போடுகிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். ஒரு பேச்சுக்காக ஃபோர்மேனிடம் கேட்டும் பார்த்தேன். அவர் சிரித்தபடி, "மெஷின நாங்க பாத்துக்கறோம் மேடம். நீங்க ஆளப் பாருங்க" என்றார். அந்தப் பாகப்பிரிவினை எனக்கும் வசதியாகவே இருந்தது.

3. நோட்டு

நோட்டில் நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன். என்ன நடந்தது, என்ன எண்ணம் வந்தது, அதற்கு என்ன ஆதாரம், அதற்கு எதிராக என்ன ஆதாரம். ஐந்தாவது வரை படித்தவர், ஆனால் ஒரு வாரமும் எழுதாமல் வந்ததில்லை. உருண்டை உருண்டையான கையெழுத்து. எண்ணம் என்ற கட்டத்தில், மெஷின் பக்கம் போனால் கை நடுங்குகிறது, மறுபடி அடித்துவிடும் என்று தோன்றுகிறது. ஆதாரம் என்ற கட்டத்தில், திங்கட்கிழமை காலையில் ஒருமுறை தானாக அடித்தது, வியாழக்கிழமை ஒருமுறை, ஏகாம்பரத்தின் விரல். எதிர் ஆதாரக் கட்டம் காலி.

அந்தக் காலிக் கட்டம் என் கண்ணை உறுத்தியது. ஒரு நாளைக்கு எத்தனை அடி அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆயிரக்கணக்கில் என்றார். அதில் எத்தனை முறை தானாக அடித்தது? வாரத்துக்கு இரண்டு. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று, விடை தெரிந்த வாத்தியார் மாதிரிக் கேட்டேன். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானே சொல்லச் சொல்ல எழுதினார்: பெரும்பாலும் ஒருமுறைதான் அடிக்கும், நான் மிகைப்படுத்துகிறேன்.

டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வெரி குட் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

புரொடக்‌ஷன் குறைகிறது என்று அவரை நாலாம் நம்பரில் இருந்து எடுத்து வேறு வேலையில் போட்டார்கள், பிறகு நாங்கள் பயப் பட்டியல் போட்டோம். பிரஸ்ஸைத் தூரத்தில் இருந்து பார்ப்பதற்குப் பயம் பத்து மார்க், பக்கத்தில் நிற்பதற்கு நாற்பது, மிதிப்பதற்கு நூறு. பிரஸ் ஷாப்பில் எங்களுக்கு இடம் தரவில்லை, வேலை கெடும் என்றார்கள். பயிற்சிக்கு வருகிற பையன்களின் ஷெட்டில் ஒரு புது பிரஸ் இருந்தது. அங்கே கூட்டிப்போய், மூச்சை இழுத்து விடச் சொல்லி, தோளைத் தளர்த்தச் சொல்லி, ஒவ்வொரு படியாக ஏற்றினேன். இரண்டே வாரத்தில் சரளமாக ஓட்டினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"இது நல்ல மெஷின்மா. இத்தப் பாத்து எனுக்கு எப்பவுமே பயம் இல்ல," என்றார்.

இன்று ஒரு மாணவி இந்த வரியைக் குறித்துக்கொண்டு வந்தால், எழுந்து போய் முதலில் அந்த நாலாம் நம்பரைப் பார் என்று விரட்டுவேன். அன்று எனக்கு உறைக்கவில்லை. நல்ல முன்னேற்றம், இன்னும் கொஞ்சம் தட்டிக்கழிக்கிறார் என்று எழுதினேன். டிஸ்பென்சரிக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடுவில் ஒரு சைக்கிள் ஷெட்தான்.

பன்னிரண்டாம் வாரம் அவரைத் தேறியவர் என்று ரிப்போர்ட் எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு முனுசாமி எதுவும் மறுத்துப் பேசவில்லை. பயம் எவ்வளவு என்று கேட்டதற்கு இருபது என்றார். வேலை போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்ன இருபது அது என்று இப்போது நினைக்கிறேன். இல்லை, என்னை நம்பியே சொல்லியிருக்கலாம். அதுதான் இன்னும் கொடுமை.

4. விசாரணை

நாலாம் நம்பரில் மறுபடி நின்ற ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அவர் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ரேம் தானாக இறங்கியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அன்றுதான் முதல்முறையாக அந்த பிரஸ் ஷாப்புக்குள் போனேன். ஒரு ஃபிட்டர் பிரஸ்ஸின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்திருந்தார். கிளட்ச் சாவியின் முனை தேய்ந்து வழுவழு என்று இருந்தது. இது தேய்ந்தால் பெடலை விட்டாலும் ரேம் நிற்காது, இன்னொரு அடி அடிக்கும் என்றார். மாற்றச் சொல்லி மூன்று முறை சீட்டு கொடுத்தாராம், மெஷினை நிறுத்த முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

விசாரணை கான்டீன் மாடியில் நடந்தது. பெர்சனெல் மேனேஜர் முனுசாமியின் நோட்டைக் கொண்டுவந்தார். கேஸ் ஷீட்டோடு சேர்த்து நான் ஃபைலில் வைத்திருந்த நோட்டு. அவர் எண்ணம் என்ற கட்டத்தை மட்டும் வாசித்தார். மெஷின் பக்கம் போனால் கை நடுங்குகிறது. அதை ஒட்டியே அடுத்த கட்டத்தில் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் இருந்தன. அதை வாசிக்கவில்லை. இவர் நரம்புக் கோளாறுக்கு உங்களிடம் வைத்தியம் பார்த்தவர்தானே என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன். அடுத்த கட்டத்தையும் வாசியுங்கள் என்று சொல்லவில்லை. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வேறு காரணம் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. பயம், அவ்வளவுதான். தொழிலாளியின் பதற்றமே காரணம் என்று முடிவாயிற்று.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணத்தைச் சரிபார்க்கும் முன்னால் எண்ணம் எதைப் பற்றியதோ அதைப் போய்ப் பாருங்கள். நோட்டு யார் கைக்குப் போகும் என்பதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லுங்கள், சொல்ல முடியாவிட்டால் நோட்டைக் கொடுக்காதீர்கள். நியாயமான பயத்தைக் குணப்படுத்துவது வைத்தியம் இல்லை, துரோகம்.

அடுத்த ஞாயிறு பாரிவாக்கத்துக்குப் போனேன். முனுசாமி உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார், திரும்பவில்லை. அவர் மனைவி தனம், பாயை விரித்து உட்காரச் சொல்லி, டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிக் கேட்டாள்:

"பயம் போவாமயே இருந்தா அவுரு கை இருந்திருக்கும், இல்லம்மா?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. பூந்தமல்லி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.