கடல் வழியாக வந்த மண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு ஆனி மாதம். சாமித்தோப்புக்குத் தெற்கே உள்ள உப்பளத்தில் என் வீட்டுக்காரர் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்தப் பருவத்தில் உப்பு தேறாவிட்டால் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று உப்பு இன்ஸ்பெக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நல்ல மனுஷன், சொல்லாமல் எதுவும் செய்யமாட்டார்.

எங்கள் பக்கத்தில் மேற்கே கடலிலிருந்து எது எழுந்தாலும் அது மழைதான். அந்த மாதம் மேற்கு வானம் கலங்கியது. உச்சிப்பொழுதிலும் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. வெயில் மங்கியதால் பாத்தியில் தண்ணீர் வற்றவில்லை. மழை வந்து கரைத்துவிடும் என்று பயந்து, அவர் முற்றாத உப்பையே பலகையால் இழுத்து வாரிக் கரையில் குவித்து, பனையோலை போட்டு மூடினார். மழை வரவில்லை. உப்பின் மேல் செம்பொடி படிந்திருந்தது. நாக்கில் வைத்தால் நறநறத்தது. கடலுக்கு அப்பால் உள்ள பாலைவனத்து மண் காற்றோடு இங்கே வரும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று, கடலில் ஏது மண் என்றுதான் எல்லோரும் கேட்டோம்.

மறுபடி வானம் கலங்கியது, மறுபடி வாரினார், மறுபடியும் மழை இல்லை. நிறம் கெட்ட உப்பு வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் தள்ளிவிட்டார். பக்கத்துப் பாத்திக்காரர் என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை. அவர் வரப்பில் நின்றுகொண்டு, "மண்ணக் கண்டு பேடிச்சு உப்பு வாருனவன நான் இப்பதான் மக்கா பாக்கேன்" என்றார். பயந்தாங்கொள்ளி என்று அளம் முழுக்கச் சிரித்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சிரித்தவர்கள் மேல் பாதி, வாரியவர் மேல் பாதி.

அடுத்த முறை கலங்கியபோது அவர் பலகையைத் தொடவில்லை. யாருமே தொடவில்லை. வானம் கலங்கினால் மண்தான், மழை இல்லை என்று எல்லோருக்கும்தான் தெரிந்துவிட்டதே. சாயங்காலம் மழை கொட்டியது. செம்மண் கரைசலாக விழுந்து, காயப்போட்டிருந்த வேட்டிகளையெல்லாம் கறையாக்கி, விளைந்து நின்ற உப்பை அளம் முழுக்கக் கரைத்துக்கொண்டு போனது. மண்ணும் மழையும் சேர்ந்தே வரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிஞ்சியது எங்கள் ஓலைக்கு அடியில் கிடந்த சிவந்த உப்பு மட்டும். குளச்சலில் கருவாடு போடுகிறவர்கள் உப்பு தேடி வந்தார்கள். அங்கே மீன் அழுகிக்கொண்டிருந்தது, நிறம் பார்க்க நேரமில்லை. வேறு உப்பு இல்லாததால் இன்ஸ்பெக்டரும் தான் தள்ளிய உப்பையே ஏற்றுக்கொண்டார். குத்தகை எங்களிடமே நின்றது.

சில நாள் கழித்து மச்சான் வந்து, வீட்டுச் சமையலுக்கு ஒரு ஓலைப்பெட்டி உப்பு கேட்டார். என் வீட்டுக்காரர் ஓலையை விலக்கினார்.

"பேடிச்சு வாருனதாக்கும். பரவாயில்லியா?"

மச்சான் பெட்டியை நீட்டினார். நான்தான் குமியக் குமிய அள்ளிப் போட்டேன்.