கல்பகம் ரத்து செய்த கேள்விகள்

குஷாய்குடா என்ற தெலுங்கு ஊரில் கல்பகத்தைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் சோதனைப் பிரிவு அவளுடையது. ஒவ்வொரு கருவியையும் சூட்டில் வாட்டி, மேஜையில் வைத்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிய பிறகுதான் வெளியே விடுவாள். இரக்கமே கிடையாது. கெஞ்சிப் பார்த்துத் தோற்ற மேனேஜர்கள் உண்டு.

அந்த இரக்கத்தையெல்லாம் மகள் மஹதிக்கென்று சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. கணக்கு டீச்சர் அதட்டினால் மறுநாள் பள்ளி வாசலில் கல்பகம் நிற்பாள். தோழி முகம் சுளித்தால் தோழியின் அம்மாவுக்கு ஃபோன் போகும். பெண் எம்.ஏ.வுக்கு வந்தும் வழக்கம் விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் விவாதப் போட்டி. மகளிர் விடுதியில் இரவுப் பூட்டு வேண்டாம் என்று மஹதி பேச வேண்டும். எதிரே ஹர்ஷா, குறுக்குக் கேள்வி கேட்டே ஆளை அழவைப்பவன் என்று பெயரெடுத்தவன். கல்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை. துறைத் தலைவர் ராஜாராமன் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பழக்கமானவர். எடுத்தாள் ஃபோனை.

“கொழந்தை பயந்த சுபாவம் சார். கேள்வி கீள்வி இல்லாம பாத்துக்கோங்கோ.”

அவரும் நல்ல மனிதர். ‘ஒரு பெற்றோர் கேட்டுக்கொண்டதால் கேள்விச் சுற்று ரத்து’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எந்தப் பெற்றோர் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்துபோனது.

மஹதி அழவில்லை. அதுதான் கல்பகத்துக்குப் பயமாக இருந்தது.

“பெட்டியெல்லாம் உலுக்கித்தானே அனுப்பறே? என்னை மட்டும் எதுக்கு பஞ்சுல சுத்தறே? கேள்வி வேணும்னு நீயே அவருக்குச் சொல்லு. இல்லேன்னா நான் பேசப் போறதில்லை.”

கல்பகம் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி ஃபோன் செய்தாள்.

போட்டியன்று பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஹர்ஷாவின் முதல் கேள்வியே அவளைப் பற்றித்தான்.

“பகல்லயே உங்களுக்காக உங்க அம்மா பேச வேண்டியிருக்கு. ராத்திரி தனியா எப்படி வருவீங்க?”

அரங்கமே சிரித்தது. மஹதியின் முகம் வெளுத்தது. கல்பகம் பாதி எழுந்துவிட்டாள். அவன் காதைத் திருகக் கை பரபரத்தது. பிறகு முன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதைவிடக் கஷ்டமான வேலையை அவள் ஆலையில்கூடச் செய்ததில்லை.

மஹதி தண்ணீர் குடித்தாள். முதல் வார்த்தை உடைந்தது, அடுத்தது நின்றது.

“ஆமா, அம்மா ஃபோன் பண்ணினா. அன்பாலதான் பண்ணினா. ஆனா அன்பா பூட்டினாலும் பூட்டு பூட்டுதானே?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஹர்ஷாவும் தட்டினான், தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். கல்பகத்துக்கு வெட்கம் பாதி, பெருமை பாதி.

பரிசு ஹர்ஷாவுக்குத்தான் போனது. “தோத்துட்டேம்மா” என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள் மஹதி.

நடுவர் யார், எந்த ஊர் என்று கேட்கக் கல்பகத்தின் நாக்கு துடித்தது.

“பசிக்கறதா?” என்று மட்டும் கேட்டாள்.