தண்டவாளத்தில் நான் வைத்த வெடி

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. லண்டனில் லூயிஷாமுக்குக் கிட்ட ஒரு ரயில் டிப்போவில் பெட்டிகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். துப்புரவாளரில் அரைவாசிப் பேர் ஆபிரிக்கர், மிச்சம் எங்கட தமிழ் ஆக்கள்.

அங்கே ஒரு கறுப்பின ஓட்டுநர் ஓய்வுபெற இருந்தார். இளவயதில் கரீபியன் தீவொன்றிலிருந்து வந்தவர். கறுப்பரென்றால் கையில் விளக்குமாறுதான், ஓட்டுநர் இருக்கை கிடையாது என்றிருந்த காலம் அது. விடாமல் சண்டை பிடித்துத்தான் அந்த இருக்கையில் ஏறினார். அவரோடு கப்பலில் வந்த நண்பரும் ஓட்டுநர் வேலை கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் துப்புரவாளராகவே வேலையை விட்டுப் போனாராம்.

ஓட்டுநரின் கடைசி ஓட்டத்துக்குத் தண்டவாளத்தில் சின்ன வெடி வைப்பது ரயில்காரரின் வழக்கம். பனிமூட்டத்தில் எச்சரிக்கைக்கு வைக்கிற அதே வெடிதான், சக்கரம் ஏறினால் படாரென்று வெடிக்கும். வழமையாக மற்ற ஓட்டுநர்கள்தான் வைப்பார்கள். இந்த மனிதரோ துப்புரவாளர்கள்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நண்பர் வேலையை விட்டுப் போன நாளில் ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லையாம். "அவனுக்கும் சேர்த்து ஒன்று வை" என்று என்னிடம் வந்து கேட்டார்.

வெடி என்றாலே எனக்குப் பயம். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்தவன் நான். லண்டன் வாணவேடிக்கைக்கே கட்டிலுக்குக் கீழே போகிற ஆள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

கூட வேலைசெய்த அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, ஏலாட்டி விடும். நான் வைக்கிறன்."

"இல்லை அக்கா. அந்த மனுசன் என்னட்டை எல்லோ கேட்டவர். நான்தான் வைப்பன்."

டிப்போக்காரர் காட்டித்தந்தபடி வெடிகளைத் தண்டவாளத்தில் பொருத்திவிட்டு விலகி நின்றேன். ரயில் மெல்ல வந்தது. முதல் வெடிக்கு நிலத்தில் குந்திவிட்டேன். அக்கா தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது நண்பருக்கு வைத்த வெடி. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். ஓட்டுநர் ஜன்னலால் எட்டி, விளக்குமாறுகளோடு நின்ற எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த வருசமே ஓட்டுநர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். "உது எங்கட ஆக்களுக்குச் சரிவராது" என்றார்கள் கூட வேலைசெய்த தமிழர்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல்தரம் தோற்றேன், திரும்பவும் போட்டேன். இன்று நானும் ரயில் ஓட்டுகிறேன். அந்த இருக்கையில் கடைசிவரை உட்கார விடப்படாத, முகம்கூடத் தெரியாத ஒரு மனிதருக்கு வெடி வைத்து வழியனுப்பியது என் கைதான் என்பது இன்றைக்கும் எனக்குப் பெருமை.