புளியங்கரைப் பள்ளியை மூடச் சொன்னவர்

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் ராயப்பராஜ் வாத்தியாருக்குச் சோறு இறங்காது. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்திருக்கும். திண்டுக்கல் டவுனில் அவர் மூன்றாம் வகுப்பு எடுத்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை மூலையில் அடுக்கிவிட்டு, மற்ற வாத்தியார்கள் லீவுக்கு ஊர் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போவார். அங்கேதான் கத்தோலிக்கப் பள்ளிகளின் கமிட்டி வருஷக் கடைசிக் கூட்டம் நடத்தும்.

டவுனிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் அந்தப் பங்குக் கோயிலுக்கு இருந்த ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் பங்குச் சாமியார்தான் மானேஜர். கமிட்டியில் ஒரு சுருட்டு வியாபாரி, ஒரு வக்கீல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வாத்தியார்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று ஐம்பத்திரண்டில் ராயப்பராஜைச் சேர்த்தார்கள். அவர் சத்தம் போட்டுப் பேசமாட்டார், யாரிடமும் பகை கிடையாது. அந்த இரண்டு குணமும் போதும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் முடிவு செய்துவிடலாம். முடிவை உரியவர்களிடம் சொல்வதுதான் பாடு. எந்த வாத்தியாரை எங்கே மாற்றுவது, யாருக்கு ஜூன் மாதம் வேலை இல்லை, எந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை எடுத்துவிடுவது, இதையெல்லாம் ஆர்டர் போவதற்கு முன்னால் நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பது அப்போதிருந்த சாமியாரின் விருப்பம். "ராயப்பர் வாத்தியார் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று அவர் சொன்னார். அந்தச் சாமியார் மாறிப் போனார். அடுத்து வந்தவரும் போனார். அந்த வேலை மட்டும் ராயப்பராஜை விட்டுப் போகவில்லை.

இப்படி ஏப்ரல் மே வெயிலில் பஸ்ஸிலும் வாடகை சைக்கிளிலும் ஊர் ஊராக அலைந்தார். தூரத்தில் அவர் தலையைக் கண்டதுமே வாத்தியார் வீட்டுப் பெண்கள் முகம் செத்துப்போகும். சில இடங்களில் அழுதார்கள். ஓரிடத்தில் ஒரு வாத்தியார் செம்பை விட்டெறிந்தார். ராயப்பராஜ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

"எழவு சொல்லப் போறவனுக்குக்கூடச் சாப்பாடும் கூலியும் குடுப்பாங்க" என்பாள் மனைவி அல்போன்சா. "ஒங்களுக்கு என்னங்க குடுக்காங்க?"

"விடு. யாராச்சும் சொல்லித்தானே ஆகணும்" என்று துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

அவர் போகிற ஊர்களில் புளியங்கரை ஒன்றுதான் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. வடமதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். வெங்காயமும் சோளமும் விளைகிற காட்டுக்கு நடுவே ஒரு சின்னக் கோயில், அதை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட ஈராசிரியர் பள்ளி. இஞ்ஞாசியம்மாள் டீச்சரும் பொன்னழகு டீச்சரும் அங்கே பல வருஷமாக இருந்தார்கள். இஞ்ஞாசியம்மாள் கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஐம்பதைத் தாண்டியவர். பொன்னழகு பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கல்யாணமான மறுவருஷம் சிலோனுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. இருவருக்கும் பள்ளிக்குப் பின்னால் ஒரே வீடு.

அந்தப் பக்கம் போனால் ராயப்பராஜ் அங்கே எட்டிப் பார்ப்பார். அப்போதெல்லாம் இஞ்ஞாசியம்மாள் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "சார், இவகூட இனிமே என்னால ஏலாது. கமிட்டியில சொல்லி எங்களப் பிரிச்சு வுட்டுருங்க" என்பார். அவர் சைக்கிளை எடுக்கும்போது பொன்னழகு வந்து, "அக்கா வாய்க்கு யாரு சார் பொறுப்பா? என்னய வேற ஊருக்குப் போட்டுருங்க" என்பாள். ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஆனால் உப்புச் சாடி மட்டும் ஆளுக்கொன்று. இதை ராயப்பராஜ் வருஷா வருஷம் கமிட்டியில் சொல்லுவார். கூட்டம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்த உப்புச் சாடிக் கதையைச் சொன்னால் வக்கீல்கூடச் சிரித்துவிடுவார். அவர் அதைச் சொன்னது அவ்வளவுக்குத்தான்.

அறுபத்துமூன்றாம் வருஷக் கூட்டத்தில் புளியங்கரையின் பேச்சு வந்தது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இனி அங்கே ஒரு டீச்சர் சம்பளத்துக்குத்தான் சர்க்கார் கிராண்ட் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். இன்னொருவரைக் கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்துப் பள்ளிக்குப் போட வேண்டும். அங்கே இரண்டு இடம் காலி.

அப்போது மானேஜராக இருந்த அருள்நாதன் சாமியார் சிரித்தார். "இதுல சங்கடமே இல்லை வாத்தியாரே. அவங்கதான் வருஷா வருஷம் பிரிச்சு வைக்கச் சொல்லி ஒங்ககிட்டக் கேக்கறாங்களே. யாரு போகப் பிரியப்படுறாங்களோ அவங்க பேரைக் கேட்டுக்கிட்டு வாங்க."

தான் சொன்ன கதை இப்படித் திரும்பி வந்து நிற்கும் என்று ராயப்பராஜ் நினைக்கவில்லை.

அவர் புளியங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். எதற்கு வந்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. இலையைப் போட்டுச் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்தார்கள். வெஞ்சனத்தில் உறைப்பு அதிகம் என்று இஞ்ஞாசியம்மாள் பொன்னழகைக் கடிந்துகொண்டார். நீங்கள் வேண்டுமானால் தனியாகச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள். ராயப்பராஜ் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

பொன்னழகு எடுக்க வந்த இலையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் சொன்னதெல்லாம் சும்மா சார்" என்றாள் பொன்னழகு.

"நீ சொன்னது சும்மா. நான் நெசமாத்தான் சொன்னேன்" என்றார் இஞ்ஞாசியம்மாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "பங்குனி வெயில்ல எல்லாருக்கும் கோவம் வரும் சார். பரீட்சை, புள்ளைக கத்து, இன்ஸ்பெக்டர் வாராரு போறாருன்னு. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்தா அது பாட்டுக்குப் போயிரும். இதையெல்லாம் கமிட்டியில போயா சொல்லுவாக?" என்று கேட்டார்.

ராயப்பராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முறைப்படி யாரு போகணும்?" என்று இஞ்ஞாசியம்மாளே கேட்டார்.

"சர்வீஸ் கொறஞ்சவங்க."

"அப்ப அவ போகட்டும்" என்று இஞ்ஞாசியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார். பொன்னழகு இலையை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க ராயப்பராஜுக்குத் தைரியம் வரவில்லை. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டும்போது இஞ்ஞாசியம்மாள் கூப்பிட்டார். குடம் பாதி நிரம்பியபடி இருந்தது.

"சார், அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. மலையடிவாரத்துப் பனி ஆகாது. தனியா ஒரு வீட்டுல படுக்கவும் பயப்படுவா. எம் பேர எழுதிருங்க."

"ஒங்களுக்கு இந்த வயசுல எப்படி டீச்சர்?"

"எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வடமதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ராயப்பராஜ் சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். யார் பேரைச் சொன்னாலும் ஒருத்தி தனியாகத்தான் கிடப்பாள். நோய் நொடியில் விழுந்தால் யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? இத்தனை வருஷமாக எத்தனையோ வீட்டில் இடியை இறக்கிவிட்டு வந்திருக்கிறார். இந்த ஒரு வீட்டையாவது அப்படியே விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பஸ் திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே பங்களாவுக்கு நடந்தார்.

"தோத்திரம் சாமி. புளியங்கரைப் பள்ளிக்கூடத்தையே மூடிப்புடலாம்னு நெனைக்கிறேன்" என்றார். "ரோட்டுக்கு அந்தாண்ட யூனியன் பள்ளிக்கூடம் இருக்கு. கன்னிவாடிப் பக்கம் ரெண்டு எடம் காலி. ரெண்டு டீச்சரையும் அங்க அனுப்பிருவோம்."

சாமியார் மறுப்பார், அதற்கு என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். எதற்கும் அவசியம் வரவில்லை. அருள்நாதன் சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் போன வருஷமே நெனச்சதுதான் வாத்தியாரே. கூரை மாத்தணும், அதுக்கு வழியில்லை. கமிட்டியில எல்லாருக்கும் அதே எண்ணம்தான். ஆனா கோயில் பள்ளிக்கூடத்தை மூடணும்னு யாரு வாயால சொல்றது? நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க."

மறுவாரம் அவசரக் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். முன்மொழிந்தவர் ராயப்பராஜ் என்று எழுதிக்கொண்டார்கள். ஊராரிடம் சொல்லும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

புளியங்கரையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து சனங்கள் கோயிலை விட்டு வெளியே வந்ததும் ராயப்பராஜ் வேப்பமரத்தடியில் நின்று சொன்னார். ஊர் நாட்டாமை சந்தியாகு முன்னால் வந்தார்.

"எங்கப்பன் மண்ணு சொமந்து கட்டுன பள்ளிக்கூடம் சார் இது. அவரு காலத்துல வெள்ளக்காரச் சாமிமாருகூட இத மூடணும்னு நெனைக்கல. ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"பிள்ளைக கொறஞ்சு போச்சு அய்யா. பக்கத்துலயே யூனியன் பள்ளிக்கூடம் இருக்கு."

"பக்கத்துலயா? நடுவுல திருச்சி ரோடு இருக்கே, தெரியுமில்ல? லாரி என்னா வேகத்துல போகுது. நாங்க காட்டு வேலைக்குப் போயிட்டா எந்தப் புள்ளய யாரு கையப் புடிச்சுக் கூட்டிப் போவா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "டவுன்ல உக்காந்துக்கிட்டு எழுதுறவுகளுக்கு என்ன?" என்றாள். அதன் பிறகு ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அன்றைக்கு அந்த ஊரில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. வாடகை சைக்கிள் பாதி வழியில் பஞ்சரானது. வடமதுரை வரை அதை வெயிலில் தள்ளிக்கொண்டே வந்தார்.

டீச்சர்கள் வீடு காலி செய்த அன்று, கூடமாட ஒத்தாசையாக இருக்கலாம் என்று மறுபடி போனார். அவர் போனபோது வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தங்களைப் பிரிக்காமல் விட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று மனசின் ஓர் ஓரத்தில் அவருக்கு எதிர்பார்ப்பு இருந்தது.

இஞ்ஞாசியம்மாள் அவரைக் கண்டதும் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஒங்கள யாரு சார் கேட்டா? எங்கள்ல ஒருத்தி போயிருந்தா இந்த ஊருல ஒரு பள்ளிக்கூடம் மிஞ்சியிருக்கும். எங்க ரெண்டு பேருக்காகவா அம்புட்டுப் புள்ளைகளத் தெருவுல விட்டீங்க?"

அவர் பொன்னழகைப் பார்த்தார். பாய்ச் சுருட்டைக் கட்டிக்கொண்டிருந்த பொன்னழகு, "அக்கா சொல்றதுதான் சார் நானும் சொல்றேன்" என்றாள்.

அவர்கள் இருவரும் ஒத்த குரலில் பேசி அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

மலையடிவாரத்துப் பள்ளியில் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். பொன்னழகுக்கு இழுப்பு வரும், போகும். இஞ்ஞாசியம்மாள் ராத்திரியெல்லாம் திட்டிக்கொண்டே கஷாயம் வைத்துக் கொடுப்பார் என்று அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு வாத்தியார் சொன்னார். அதைக் கேட்டு அல்போன்சா சிரித்தாள். ராயப்பராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் புளியங்கரையிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்பதிலேயே கண் இருந்தது.

மறுவருஷம் வடமதுரைச் சந்தையில் ஆண்டிச்சாமியைப் பார்த்தார். புளியங்கரையில் வெங்காயம் போடுகிறவன். அவன் மகள் பேச்சாயி நாலாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள். இஞ்ஞாசியம்மாள் அவளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்.

"பேச்சாயி யூனியன் பள்ளிக்கூடம் போகுதா?"

"ரெண்டு மாசம் போச்சு சார். ஒருநா லாரிக்காரன் மோதுற மாதிரி வந்துட்டான். அவ ஆத்தா இனிமே போகவேண்டாம்னுட்டா. வெங்காயம் ஆய வாரா இப்ப. பொம்பளப் புள்ளதான, போகட்டும் சார்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். அதுதான் ராயப்பராஜை உலுக்கிவிட்டது.

அந்தப் பெண்ணைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அவர் ஆண்டிச்சாமி வீட்டுக்கு நடந்தார். ஒருதரம் வீட்டில் ஆளில்லை. இன்னொருதரம் பேச்சாயியின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். டவுனில் தன் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். அதற்குள் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சாயி வாசலில் வெங்காயத் தாளை அரிந்துகொண்டு, யார் வீட்டுப் பேச்சோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

அறுபத்தைந்து ஏப்ரலில், கூட்டத்துக்கு முந்தின நாளே ராயப்பராஜ் பங்களாவுக்குப் போய், இனி கமிட்டியில் இருக்க உடம்பில் தெம்பு இல்லை என்றார்.

"அப்ப யாரு வாத்தியாரே ஊர் ஊராப் போய்ச் சொல்றது?"

"தபால் போகும் சாமி."

சாமியார் வற்புறுத்தவில்லை. அந்த வருஷத்திலிருந்து முடிவுகள் தபாலில்தான் போயின. ராயப்பராஜ் ஓய்வு பெறும்வரை மூன்றாம் வகுப்பையே எடுத்தார். மே மாத மத்தியானங்களில் வீட்டில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். ஆனால் தூங்க விட்டார்களா என்றால், இல்லை. தபாலில் மாற்றல் ஆர்டர் வாங்கியவர்கள் கையில் பையோடு வாசலில் வந்து நின்றார்கள். "சார், நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? இப்படித் தபால்காரன் கையால வாங்க வச்சுட்டாகளே" என்று அழுதார்கள். அல்போன்சா ஆளுக்கொரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைப்பாள். அவர் எழுந்து உட்கார்ந்து, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.